கொக்கிரகுளம் இருக்கு, தேடினா வரலை

பாளையங்கோட்டை உறுப்பினர்:

தமிழ்ல முகவரி சேமிக்கிற ஜாவா அப்ளிகேஷன் பாக்கிறவங்க இதைக் கவனிச்சுக்கோங்க. கொக்கிரகுளம்னு ஊர்ப் பேரைத் தேடினா பாதி வாடிக்கையாளர்தான் வருதாங்கன்னு கிளையண்ட்கிட்ட இருந்து போன். டேபிளைத் திறந்தா எல்லாரும் இருக்காங்க, எழுத்தும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. கேச், இன்டெக்ஸ், கொலேஷன்னு சுத்திட்டு, கடைசில அந்த ஊர்ப் பேரோட நீளத்தை எடுத்துப் பாத்தோம். ஒரு வரிசைல 12, இன்னொண்ணுல 13!

'கொ'ல வர்ற கொம்பும் காலும் யூனிகோடுல ஒரே குறியீடாவும் இருக்கலாம், தனித்தனியா ரெண்டாவும் இருக்கலாம். திரையில வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருக் கோப்புல இருந்து மாத்தி ஏத்தின பேரெல்லாம் ரெண்டாப் பிரிஞ்சு கிடந்துச்சு. ஜாவாவோட நார்மலைசரை வச்சு, பிரிஞ்ச குறியீட்டை ஒண்ணாச் சேர்க்கிற என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தா ரெண்டும் ஒண்ணாயிரும். சேமிக்கும்போதும் மாத்தணும், தேடுற சொல்லையும் மாத்தணும். பழைய டேட்டாவுக்குத் தனியா ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டியே ஆகணும், இல்லன்னா பாதி வேலைதான்.

ஜங்ஷன் உறுப்பினர்:

அண்ணாச்சி, இதே மாதிரி ஆரக்கிள் டேட்டாபேஸ்ல எங்களுக்கு ஓஆர்ஏ-12899ங்கிற பிழை வந்துச்சு. டேபிள்ல ஊர்ப் பேரு வர்ற நெடுவரிசைக்கு 30னு அளவு. ஆங்கிலத்துல டெஸ்ட் பண்ணின வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. திருநெல்வேலின்னு தமிழ்ல அடிச்சதும் சேமிக்க மாட்டேங்குது. பிழைச் செய்தியை முழுசாப் படிச்சா அதுலயே காரணம் இருக்கு: வந்தது 36, இடம் 30. எழுத்தைப் பைட்டாச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறைல தமிழ்க் குறியீடு ஒண்ணுக்கு 3 பைட். திருநெல்வேலில 12 குறியீடு. ஆரக்கிள்ல நாம எதுவும் சொல்லலைன்னா அந்த 30ஐ பைட்டாத்தான் எடுத்துக்கிடும். நெடுவரிசை அளவை 30 கேர்னு, அதாவது பைட்டா இல்லாம குறியீடா எண்ணுற மாதிரி மாத்தினோம், சரியாயிருச்சு. டெஸ்ட் டேட்டால தமிழ்ப் பேரு கட்டாயம் வேணும்னு அன்னைக்கே டீம்ல சொல்லிட்டேன்.

நயினார்குளம் பக்கத்து உறுப்பினர்:

எழுத்துல இல்ல, நமக்கு நேரத்துலதான் பிரச்சினை. காய்கறி மண்டி பில்லிங். விடியுறதுக்கு முன்னாடி லோடு இறங்கும், அப்பப் போட்ட பில்லெல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காந்துக்கிடுச்சு. காலைல 5.30க்குப் பிறகு போட்டதுல தப்பே இல்ல. அந்த 5.30தான் துப்பு. சர்வர் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடுது, நம்ம நேரம் அதுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னாடி. எங்க லேப்டாப்ல எல்லாம் இந்திய நேரம், அதனால அங்க இந்தத் தப்பு வரவே வராது. யுடிசிலயே சேமிச்சு, தேதிவாரியாக் கூட்டுறதுக்கு முன்னாடி ஏசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாத்துங்க. கூட்டினப்புறம் மாத்தினா பிரயோஜனம் இல்ல.