உணவுப் பாதுகாப்பின்மைக்கு வேறு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

சேலம் மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கிராமச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும். 'ஃபுட் இன்செக்யூரிட்டி' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வழக்கம்போல 'உணவுப் பாதுகாப்பின்மை' என்று போட்டுக்கொண்டே போனேன். போன வாரம் ஒரு செவிலியருடன் ஊருக்குள் போனபோதுதான் கோளாறு தெரிந்தது.

திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம், "உங்க வீட்டுல உணவுப் பாதுகாப்பு இருக்கா ஆயா?" என்று செவிலியர் கேட்டார். ஆயா எழுந்து எங்களை உள்ளே கூட்டிப்போய் உறியைக் காட்டினார். "பூனை எட்டாது, எறும்பும் ஏறாது கண்ணு" என்றார். உறிச்சட்டியில் ஒரு கை பழைய சோறு இருந்தது. அந்த வீட்டில் மூன்று பேர்.

தப்பு அவருடையதல்ல. கெட்டுப்போகாத, கலப்படமில்லாத உணவுக்கும் 'உணவுப் பாதுகாப்பு' என்கிறோம். எல்லோருக்கும் எந்நாளும் உணவு கிடைப்பதற்கும் அதையே சொல்கிறோம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பொருளைப் பேசுகிறது, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதை. ஹோட்டல் சமையலறையைச் சோதிக்க வருபவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர்; ரேஷன் அரிசிக்கு உரிமை தருவது உணவுப் பாதுகாப்புச் சட்டம். செவிலியரும் ஆயாவும் ஒன்றாகப் புரிந்துகொள்ளும் சொல் ஒன்று சொல்லுங்கள்.

மன்னார்குடிப் புலவர்:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. "பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்" என்று நாட்டுக்கு அணியான ஐந்தில் ஒன்றாக வள்ளுவர் வைத்த 'ஏமம்' காவலைத்தானே குறிக்கிறது? உணவுக்கு ஏமம் உணவேமம். அது இல்லாமை உணவேமமின்மை. பூனையிடமிருந்து காப்பது பாதுகாப்பு. நாளையிடமிருந்து காப்பது ஏமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெகுளாமை அதிகாரத்தில் 'ஏமப் புணை' வருகிறது. அந்தப் புணை மணிமேகலையிலும் வருகிறது. "பிடித்த கல்விப் பெரும்புணை விடூஉம்" என்று பசிப்பிணியைப் பற்றிச் சாத்தனார் சொல்கிறார். வெள்ளத்தில் பிடித்திருக்கும் கட்டையைப் பசி கைநழுவ விடச் செய்கிறது. அந்தக் கட்டை கல்வி. பசியால் குழந்தையின் படிப்பு கெடுவதைப் பற்றி உங்கள் கையேட்டில் அத்தியாயம் இருந்தால் இந்த அடியைத் தலைப்பில் போடுங்கள். 'ஏமாறுதல்' என்பதே ஏமம் மாறுதல்தான் என்பது என் துணிபு. இராக்காவலைக் குறிக்கும் யாமத்துக்கும் இதற்கும் உறவு உண்டா என்று பார்க்க வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

செங்கம் பள்ளி ஆசிரியை:

ஐயா, அந்த அடி ரொம்ப நல்லது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'உணவேமமின்மை' என்று செவிலியர் சொன்னால் ஊர்க் காதில் 'ஏமாத்து' என்றுதான் விழும். ரேஷன் கடையில் எடை குறைவதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்து மருத்துவர்:

வணக்கம். இங்கேயும் 'உணவுப் பாதுகாப்பின்மை' என்றுதான் எழுதுகிறோம், இதே குழப்பம்தான். மந்தபோசணை, அதாவது ஊட்டச்சத்துக் குறைவு, என்றால் தாய்மாருக்கு விளங்கும், இது விளங்காது. 2022 நெருக்கடியின்போது கிளினிக்குக்கு ஒரு தாய் வந்தா. பிள்ளையின் நிறை சரி, வளர்ச்சிக் கோட்டில் பிசகில்லை. தாயின் கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்குது. காலையில் என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்டேன். "வெறுந்தேத்தண்ணி, டொக்டர்." இரவுக்கு? "பிள்ளைக்குப் புட்டு இருக்கு."

பிள்ளையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆகவே 'பசி' என்ற சொல்லும் போதாது, 'மந்தபோசணை'யும் போதாது. இதை அளக்க உலக உணவு வேளாண்மை அமைப்பு வைத்திருக்கும் எட்டுக் கேள்விகளைப் பாருங்கள். முதல் கேள்வி, போதிய உணவு இருக்காதோ என்று கவலைப்பட்டீர்களா என்பது. கடைசிக் கேள்வி, முழுநாளும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது. இரண்டையும் அடக்கும் சொல் வேண்டும். 'உணவு நிச்சயமின்மை' என்பது என் பரிந்துரை.

செங்கம் பள்ளி ஆசிரியை:

கவலை என்று டாக்டர் சொன்னதும் பட்டினத்தார் நினைவுக்கு வந்தார். "அன்ன விசாரம் அதுவே விசாரம்." வேறென்ன வேண்டும்? எங்கள் பக்கத்து ஆராய்ச்சியே இதற்குச் சாட்சி. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுச் சோதனை வைத்தார்கள்; 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அதே ஆள், கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய மாதங்களில் குறைவாகவும், காசு வந்தபின் கூடுதலாகவும் எடுத்தார். அவர்கள் அளந்தது பணத் தட்டுப்பாட்டை. ஆனாலும் விசாரம் பிடித்த மனத்தில் வேறு எதற்கும் இடமில்லை என்பது அதில் தெரிகிறது.

என் வகுப்பிலும் கண்டிருக்கிறேன். காலை உணவுத் திட்டம் வருவதற்கு முன்னால், இரண்டாம் பாடவேளை கணக்கு என்றால் கடைசி வரிசையில் மூன்று தலைகள் மேசையில் சாய்ந்துவிடும். அதட்டியிருக்கிறேன், வெளியே நிற்கவும் வைத்திருக்கிறேன். 2023 ஆகஸ்டில் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் ரவா உப்புமா போட்ட முதல் வாரத்திலேயே அந்த மூன்று பேரில் ஒருத்தி கரும்பலகைக்கு எழுந்து வந்து வகுத்தல் கணக்குப் போட்டாள். அதட்டியது இன்னும் உறுத்துகிறது.

மன்னார்குடிப் புலவர்:

அன்னமும் வடசொல், விசாரமும் வடசொல். கலைச்சொல் ஆக்கும்போதாவது தூய்மை வேண்டாமா? அதோடு இன்றைக்கு விசாரம் என்றால் காவல்நிலைய விசாரணைதான் நினைவுக்கு வரும். ஔவையார் நல்வழியில் "பசிவந்திடப் பறந்து போம்" என்று பத்தை எண்ணுகிறார். அதில் கல்வியும் உண்டு, அறிவுடைமையும் உண்டு.

யாழ்ப்பாணத்து மருத்துவர்:

அறிவுடைமை வேறு, அறிகை வேறு, ஐயா. எங்கள் உளவியல் நூல்களில் 'அறிகை' என்பதுதான் வழக்கம்; தமிழ்நாட்டில் அறிவாற்றல், அறிதிறன் என்று பலவாக எழுதுகிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குவோம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில், இரண்டுக்குப் புரதம் சேர்த்த கஞ்சியும் இரண்டுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் கூடுதல். வாசிப்புத் திறனிலும் முன்னே நின்றார்கள். சொல் எதுவானாலும், கருவுற்றதிலிருந்து இரண்டு வயது வரையான முதல் ஆயிரம் நாள் என்பது அந்தக் கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

பெங்களூர் புள்ளியியலாளர்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். 'கவலை', 'விசாரம்' இரண்டுமே சரிவராது. டாக்டர் சொன்ன எட்டுக் கேள்வி அளவுகோலில் மிதமானது, கடுமையானது என்று படிகள் உண்டு. முழுநாள் பட்டினி கிடந்தவரை 'கடும் உணவுக் கவலையில் இருக்கிறார்' என்று எழுதினால், நடந்ததையே மறைத்த மாதிரி ஆகும். எதிர்ப்பக்கத்து உதாரணம் அமெரிக்கா. அங்கே வேளாண்மைத் துறை 2006-இல் 'பசி' என்ற சொல்லைத் தன் வகைப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டு 'மிகக் குறைந்த உணவுப் பாதுகாப்பு' என்று வைத்தது. அளவுக்குத் துல்லியமான சொல்தான்; ஆனால் பட்டினியைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. நாமும் அப்படிச் செய்துவிடக் கூடாது.

பசியையும் சத்துக்குறைவையும் ஒன்றாக்கவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்ச்சி குன்றியவர்கள் 25 சதவீதம். இந்திய அளவில் 35.5. சரி, நாம் பரவாயில்லை என்று தோன்றும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் இரத்தசோகை 57.4 சதவீதம். வயிறு நிறைந்தும் இரும்புச்சத்து இல்லாத குழந்தைகள் இவர்களில் எத்தனையோ பேர். அதற்கு 'மறைபசி' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். நம் சொல்லுக்கு 'உணவு உறுதியின்மை' என்கிறேன். 'மிதமான', 'கடும்' இரண்டும் அதனோடு ஒட்டும்.

செங்கம் பள்ளி ஆசிரியை:

அன்ன விசாரத்தை விட மனமில்லை. ஆனாலும் பட்டினியைக் கவலை என்று எழுதக் கூடாது என்பது சரிதான். உறுதியின்மைக்கே என் ஓட்டு.

யாழ்ப்பாணத்து மருத்துவர்:

நான் நிச்சயமின்மையில்தான் நிற்கிறேன். பெரும்பான்மை எதுவோ அதை எழுதுங்கள், தங்கச்சி. நாள் போகுது.

மன்னார்குடிப் புலவர்:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். தமிழில் உறுதி என்றால் நன்மை. அறம் பொருள் இன்பம் வீடு நான்கும் உறுதிப்பொருள்கள். இன்றைய பேச்சில் உறுதி என்றால் கெட்டித்தன்மை. 'உணவு உறுதியின்மை' என்றால் சோறு குழைந்துவிட்டது என்று பொருள்படும். பூனையிடமிருந்து தப்பிக் குழைந்த சோற்றில் விழுந்திருக்கிறீர்கள். "உறுபசியும் ஓவாப் பிணியும்" என்றாரே, அந்த உறுபசியாவது அத்தியாயத் தலைப்பில் இருக்கட்டும்.

சேலம் மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. மதியம் அனுப்பிவிட்டேன். கையேட்டில் 'உணவு உறுதியின்மை'. முதல் இடத்தில் மூன்று வரி விளக்கம். இரத்தசோகைப் பகுதியில் மறைபசி. குழந்தைகள் அத்தியாயத்துக்கு மேலே மணிமேகலை அடி. ஐயா, உறுபசிக்கு இடம் கிடைக்கவில்லை, மன்னிக்க வேண்டும். கேள்வித்தாளில் சொல்லையே எடுத்துவிட்டேன். "கடந்த 12 மாதத்தில், கையில் காசில்லாமல், வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டதுண்டா?" என்று நேராகவே கேட்கிறோம்.

நேற்று அதே ஆயாவிடம் இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினோம். இந்த முறை உறிப்பக்கம் போகவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "ரேசன் அரிசி தீர்ற வரைக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. இருபதாந்தேதிக்கு மேல இழுபறிதான்."

மன்னார்குடிப் புலவர்:

இழுபறி! இழுத்தலும் பறித்தலும், இரண்டும் தமிழ். அம்மா, கையேடு அச்சுக்குப் போய்விட்டதா?

யாழ்ப்பாணத்து மருத்துவர்:

உணவு இழுபறி. மிதமான இழுபறி, கடும் இழுபறி. முழுநாள் பட்டினியை அது தாங்குமோ தெரியவில்லை. திங்கட்கிழமை கிளினிக்கில் கேட்டுப் பார்க்கிறேன்.