ஜஸ்டிஸ் குழுவின் 'ஹைப்பர்டிராமா' உங்களுக்கு நிறைவைத் தந்ததா?

கிருஷ்ணகிரி ரசிகன் எழுதியது:

பிரான்சு நாட்டின் ஜஸ்டிஸ் என்ற மின்னிசைக் குழுவை, 2007-இல் வெளிவந்த சிலுவைக் குறி அட்டை கொண்ட முதல் ஆல்பத்திலிருந்தே நான் விடாமல் கேட்டு வருகிறேன். 'ஜெனிசிஸ்', 'ஸ்ட்ரெஸ்', 'வாட்டர்ஸ் ஆஃப் நாசரெத்' ஆகியவற்றில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி முறுக்கேறிக் கரகரத்து வரும்போது, உருமியின் தோலில் வளைந்த குச்சி உரசி எழுப்பும் உறுமலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அயலார் இசையாகவே தோன்றியதில்லை. ஓசூரில் இரவுப் பணி முடித்துப் பேருந்தில் ஊர் திரும்பும்போது என்னை விழித்திருக்க வைத்தவையும் அந்தப் பாடல்கள்தாம்.

2016-இல் வந்த 'வுமன்' ஆல்பத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 2024 ஏப்ரலில் 'ஹைப்பர்டிராமா' கைக்கு வந்தபோது எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. மொத்தமுள்ள 13 பாடல்களில் ஏழில் விருந்தினர்கள் பாடுகிறார்கள். டேம் இம்பாலா, மிகெல், தண்டர்கேட் என்று பெயர்கள் பெரியவை. குரல் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. முதல் ஆல்பத்தின் 'டான்ஸ்' பாடலிலும் சிறுவர் குழுவின் குரல் உண்டு, ஆனால் அங்கே குரலும் மற்ற ஒலிகளோடு சேர்ந்து தாளத்துக்கு வேலை செய்தது. இப்போதோ குரலுக்கு வழிவிட்டு இசை ஒதுங்கி நிற்கிறது. டிஸ்கோவும் கடுமையான மின்னிசையும் ஒரே பாடலுக்குள் மோத வேண்டும் என்பதே இந்த ஆல்பத்தின் நோக்கம் என்று அவர்களே சொல்லியிருந்தும், அந்த மோதலைப் பெரும்பாலான பாடல்களில் என்னால் கேட்க முடியவில்லை. என் காதுதான் பழையதிலேயே நின்றுவிட்டதா, அல்லது உங்களுக்கும் இப்படித் தோன்றுகிறதா?

தருமபுரி ஒலியமைப்பாளர் எழுதியது:

தம்பி, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ரசனையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒலியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன். ஒலியலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கினால், மூலத்தில் இல்லாத மேல் சுருதிகள் புதிதாகப் பிறக்கின்றன. நாம் கரகரப்பு என்று சொல்வது அதைத்தான். சிறிய ஹெட்ஃபோனால் மிகத் தாழ்ந்த பேஸை முழுமையாக எழுப்ப முடியாவிட்டாலும், அந்த மேல் சுருதிகள் தெளிவாகக் கேட்பதால் பேஸ் அங்கே இருப்பதாக நம் காது உணர்ந்துகொள்கிறது. முதல் ஆல்பம் பேருந்து இரைச்சலையும் மீறி உங்களை எட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெட்டுப்படாத தூய பேஸுக்கு அந்த உதவி கிடையாது. அதைக் கேட்கப் பெரிய ஒலிபெருக்கியே வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஆல்பத்தைச் சேமித்து வைத்த கோப்பிலிருந்தும் புதியதை ஸ்பாட்டிஃபை போன்ற செயலியிலும் கேட்கிறீர்கள் என்றால், அந்த ஒப்பீடு நியாயமானதன்று. எல்லாப் பாடல்களும் ஏறத்தாழ ஒரே உரப்பில் ஒலிக்கும்படி, உரத்துப் பதிவான பாடல்களைச் செயலி தானாகவே தணித்துவிடுகிறது. அமைப்புகளில் அதை நிறுத்திவிட்டு, வாய்ப்பிருந்தால் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரில் புதிய ஆல்பத்தின் 'ஜெனரேட்டர்' பாடலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது:

ஜஸ்டிஸ் குழுவை நான் அறிந்ததே இந்த ஆல்பத்தின் மூலம்தான். 'ஒன் நைட் ஆல் நைட்' பாடலில் குரல் முன்னே நிற்பதாலேயே என்னால் அதற்குள் நுழைய முடிந்தது. நீங்கள் புகழும் 'ஸ்ட்ரெஸ்' பாடலைப் பின்னர் தேடிக் கேட்டேன். அதன் வலிமை புரிகிறது, ஆனால் முழுவதும் கேட்கப் பொறுமை தேவைப்படுகிறது, அண்ணா.

ஓசூர்வாசி எழுதியது:

2011-இல் 'ஆடியோ, வீடியோ, டிஸ்கோ' வந்தபோதும் பலர் இதே ஏமாற்றத்தைத்தான் வெளிப்படுத்தினார்கள். கரகரப்பை எதிர்பார்த்தவர்களுக்கு அவர்கள் எழுபதுகளின் ராக் இசையைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆல்பத்திலும் முந்தையதை விட்டு விலகிச் செல்வதே இவர்களுடைய வழக்கம் என்பதால், முதல் ஆல்பத்தை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அளப்பதை நான் நிறுத்திவிட்டேன். 'ஹைப்பர்டிராமா'வின் 'நெவரெண்டர்' பாடல் 2025-இல் கிராமி விருது பெற்றது என்பதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. விருது கிடைத்தால் பாடல் பிடித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் 2018-இன் 'வுமன் வேர்ல்ட்வைட்' ஆல்பத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மேடைக்காகத் தம் பாடல்களை ஒன்றோடொன்று பின்னி மாற்றியமைத்த வடிவங்களை அதில் பதிவு செய்திருக்கிறார்கள், அதற்கும் 2019-இல் கிராமி கிடைத்தது. 'வுமன்' ஆல்பத்தில் மென்மையாகத் தோன்றிய பாடல்கள் அங்கே பழைய பாடல்களோடு மோதி வேறு உருவம் கொள்கின்றன. என்னைப் பொறுத்தவரை இவர்களுடைய பாடல் மேடையில்தான் முழுமை பெறுகிறது.

கிருஷ்ணகிரி ரசிகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி உரப்பைச் சமன்செய்யும் அமைப்பை நிறுத்திவிட்டு, நண்பர் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் முழு ஆல்பத்தையும் கேட்டேன். 'ஜெனரேட்டர்' உண்மையிலேயே வேறொரு பாடலாக ஒலித்தது. கடுமையான டெக்னோ அடிக்கு நடுவே டிஸ்கோ புகுந்து இடம் பிடிக்கப் போராடுவதை அதில் தெளிவாகக் கேட்க முடிந்தது, அந்த ஒரு பாடலுக்காகவே இந்த ஆல்பத்தை நான் வைத்துக்கொள்வேன். ஆனால் குரல் வரும் பாடல்களில் ஸ்பீக்கர் மாறியும் என் கருத்து மாறவில்லை. 'சாட்டர்னைன்' பாடலில் மிகெலின் குரலை எடுத்துவிட்டால் எஞ்சுவதை ஜஸ்டிஸ் என்று அடையாளம் காண என்னால் முடியவில்லை. 2007-இன் ஆல்பத்தில் எந்தப் பாடலின் முதல் சில நொடிகளைக் கேட்டாலும் அவர்கள்தான் என்று சொல்லிவிடலாம். அவர்கள் மாறக் கூடாது என்று நான் கேட்கவில்லை; மாறிய பிறகும் அந்த அடையாளம் இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். 'ஆடியோ, வீடியோ, டிஸ்கோ' ராக் பக்கம் சென்றபோதும் அது இருந்தது என்பதால், ஓசூர் நண்பரின் ஒப்பீட்டை என்னால் ஏற்க இயலவில்லை.