மிதித்தால் கல்லு மாதிரி நிற்கும் பிரேக்: எனக்கு நடந்தது

போன மாதம் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும்போது நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 13 வருடப் பழைய பெட்ரோல் கார். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் தாண்டியிருப்பேன். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் வைத்தால் பெடல் இறங்கவே இல்லை. தரையில் பதித்த கல்லை மிதிப்பது போல் இருந்தது. வேகம் குறைந்தது, ஆனால் போதவில்லை. பின் சீட்டில் அம்மாவும் மகளும்.

பதற்றத்தில் காலை எடுத்து எடுத்து மிதித்தேன். அது தப்பு. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் அப்படி மிதிக்கலாம், பலன் உண்டு. கல்லு மாதிரி நிற்கும்போது அப்படிச் செய்தால் பூஸ்டரில் (நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பாகம்) மிச்சம் இருக்கும் கொஞ்ச வேக்கமும் (இன்ஜின் காற்றை இழுப்பதால் உண்டாகும் வெற்றிடம்) தீர்ந்துவிடும். இரண்டாம் கியரில் இறங்கியதால்தான் பிழைத்தோம். முதல் கியருக்கு மாற்றி, சீட்டில் முதுகை அழுத்திக்கொண்டு ஒரே மிதியாக முழு பலத்தோடு காலை ஊன்றினேன். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைப்பக்க ஓரத்தில் வண்டி நின்றது. இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை. நின்ற பிறகும் ரொம்ப நேரம் பெடலிலிருந்து கால் எடுக்கவில்லை, தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம் முன்பே அறிகுறி இருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், நான் ஸ்பார்க் பிளக் என்று நினைத்தேன். பிரேக்கும் அப்பப்போ கடினமாக இருந்தது. பட்டறையில் சொன்னதற்கு பேட் மாற்றி, பிரேக் ஆயில் மாற்றி, ஏர் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சரியாக இருந்த மாதிரி எனக்கே தோன்றியது.

இறங்கி வந்ததும் சேலத்தில் ஒரு பெரியவரின் சின்ன ஷெட்டுக்கு மெல்ல ஓட்டிப் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "இன்ஜினை ஆஃப் பண்ணு தம்பி. அஞ்சாறு தடவை மிதி. கடைசியா மிதிச்ச கால எடுக்காம ஸ்டார்ட் பண்ணு" என்றார். நல்ல வண்டியில் இன்ஜின் பிடித்ததும் பெடல் காலுக்குக் கீழே ஒரு விரல்கடை அளவு தானாக இறங்கும். என்னுடையது அசையவில்லை. "பேடு நல்லாத்தான் இருக்கு. காத்து போகுது" என்றார்.

பானெட்டைத் திறந்து, மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிக்கொண்டே போனார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கிளாம்ப் ஓரத்தில் லேசாக வளைத்ததும் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. அதில் விரலை வைத்தார், ஐடிலிங் சீரானது. எடுத்தார், மறுபடி தடுமாறியது. இரண்டு வாரமாக நான் இரண்டு கோளாறு என்று நினைத்தது ஒன்றே ஒன்றுதான்.

அப்புறம் ஒன்வே வால்வைக் கழற்றி வாயால் ஊதிக் காட்டினார். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் போகக்கூடாது. என் வால்வில் இரண்டு பக்கமும் போனது. அது நன்றாக இருந்திருந்தால் ஹோஸ் வெடித்தாலும் இரண்டு மூன்று மிதிக்காவது வேக்கம் பூஸ்டருக்குள் நின்றிருக்கும். ஹோஸும் வால்வும் மாற்ற ஆனது, பட்டறையில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. சாதாரண தண்ணி ஹோஸைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். வேக்கம் இழுக்கும்போது அது சப்பையாக ஒட்டிக்கொண்டு, மறுபடி இதே கதை ஆகுமாம்.

தயவுசெய்து வண்டியை யாரிடமும் விடுவதற்கு முன் அந்த ஒரு நிமிடச் சோதனையை நீங்களே செய்து பாருங்கள்.

*

இந்தப் பதிவைப் படித்தேன், என்னுடைய வண்டி டீசல். டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டில் வேக்கம் கிடைக்காது, அதற்குத் தனி பம்ப் உண்டு. என் பழைய வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) பின்னாலேயே இருக்கும். ஒரு நாள் திண்டிவனம் தாண்டி பேட்டரி லைட் எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டினேன். அடுத்த டோல்கேட்டில் பிரேக் கட்டையாகிவிட்டது. ஆல்டர்னேட்டரையும் பம்பையும் சுற்றும் பெல்ட் அறுந்திருந்தது. இப்படிப் பம்ப் உள்ள வண்டியில் பேட்டரி லைட் எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள்.

*

எங்கள் அப்பாவின் காரில் பிரேக் ஆயில் மாதாமாதம் குறையும். நாலு சக்கரத்திலும் கசிவு இல்லை, தரையிலும் சொட்டு இல்லை. ஆயிலை ஊற்றி ஊற்றியே ஓட்டினோம். கடைசியில் பெடல் கடினமாகி, மிதிக்கும்போது காலடியில் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. மாஸ்டர் சிலிண்டரை (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) கழற்றினால் அதன் பின்பக்க சீல் போய், ஆயில் அத்தனையும் பூஸ்டருக்குள் நின்றது. உள்ளே இருந்த டயாஃப்ரம் ரப்பர் ஊறிக் கிழிந்திருந்தது. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் இரண்டையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. முதல் மாதமே பார்த்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரோடு போயிருக்கும்.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மலையிறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு சாவியை அணைப்பார். இந்தப் பதிவை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்ஜின் ஓடாவிட்டால் பூஸ்டருக்குப் புது வேக்கம் வராது. வால்வு நன்றாக இருந்தாலும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் நிற்கும் என்ற இடம் வந்ததும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். பூஸ்டரில் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குப் பக்கம்தான். இன்ஜின் ஓடும்போதே அங்கே பூஸ்டரின் உதவி கொஞ்சம் குறைவு. மேலே ஏறும் முன் கீழேயே ஹோஸை ஒரு தடவை வளைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள், முக்கியமாக கிளாம்ப் ஓரம்.