புது ராக் பேண்டுகளை எங்கே தேடுகிறீர்கள்?

ஐந்துரோடு: சேலத்தில் இண்டி ராக் (பெரிய இசை கம்பெனி சாராத பேண்டுகள்) கச்சேரி எதுவும் கண்ணில் படுவதில்லை, ஸ்பாட்டிஃபையோ நான் கேட்டதையே திருப்பிப் போடுகிறது. புது ஆட்களை எங்கே பிடிப்பது? தமிழில் பாடினால் ரொம்ப நல்லது.

அஸ்தம்பட்டிக்காரன்: பேண்ட்கேம்ப் போங்க, கலைஞர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் இணையதளம். ஊர்ப் பெயரை வைத்தே தேடலாம். டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் அந்தத் தளத்தின் பங்கு பொதுவாக 15 சதவீதம்தான், பெரும்பகுதி பாடியவருக்கே போகும்.

மலையடிவாரம்: நான் ஒரு கலைஞரைப் பிடித்து, அவரோடு சேர்ந்தவர்களைத் தேடிக்கொண்டே போவேன், அல்காரிதத்தை நம்ப மாட்டேன். குரங்கன் பேண்டில் இருந்த டென்மா 2017-இல் பா. இரஞ்சித்தோடு சேர்ந்து தொடங்கியதுதான் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட், கானா, ராப், ராக் எல்லாம் அதில் கலந்து வரும், அங்கிருந்து ராப் பாடகர் அறிவு வரைக்கும் போய்விடலாம். ஆங்கிலம் பரவாயில்லை என்றால் சென்னை பேண்ட் எஃப்16எஸ்.

ஐந்துரோடு: சரி, முதலில் குரங்கன்.

அஸ்தம்பட்டிக்காரன்: ஏற்காடு பஸ்ஸில் மட்டும் வேண்டாம், டிரைவர் போடும் இளையராஜாதான் ஜெயிப்பார்.