கிறிஸ்துமஸ் மாலைக்கு மசாலா மணக்கும் பழக்கலவைப் பானம்: கசப்பில்லாமல் செய்வது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்து மருமகள்

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 25ஆம் தேதி மாலையில் என் கணவரின் உடன்பிறந்தோர் குடும்பங்களும் என் பிறந்த வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடுவது வழக்கம். சிறியோரும் பெரியோருமாக 40 பேர் வருவார்கள். முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் கேக்கும் தட்டில் இருக்க, அவற்றுடன் பரிமாறுவதற்குக் கடையில் வாங்கும் குளிர்பானத்தை விட்டுவிட்டு, நம் ஊர்ப் பழங்களும் மலைச்சரக்கும் சேர்ந்த ஒரு பானத்தை நானே செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் மது எதுவும் சேர்க்க மாட்டேன்.

சென்ற ஆண்டு செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. அன்னாசியையும் ஆரஞ்சுச் சுளைகளையும் மிக்சியில் அரைத்து, திராட்சைச் சாற்றுடன் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு பிடி கிராம்பும் பட்டைத்தூளும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஆறவைத்துக் குளிரூட்டியபோது நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் காரமும், தொண்டையில் தங்கும் கசப்பும் இருந்தன. என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. எங்கே தவறினேன் என்பதை அறிந்தவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

மறுமொழி 1: நாகர்கோவில் சமையலறை

சகோதரி, நீங்கள் வாங்கிய பொருள்களில் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்ததுதான் தவறு. மசாலாவுக்குச் சூடு வேண்டும், பழத்துக்குச் சூடு ஆகாது; ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஆயத்தம் செய்து, பரிமாறும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும்.

கசப்புக்கு முதற்காரணம் ஆரஞ்சு. அதன் விதையிலும், சுளையைச் சுற்றியுள்ள வெள்ளைத் தோலிலும் இருந்து லிமோனின் என்னும் கசப்புப் பொருள் சாற்றில் உருவாகிறது. பிழிந்த உடனே அது தெரியாது. நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும், சூடுபடுத்தினால் இன்னும் விரைவாக ஏறும். நீங்கள் மிக்சியில் அரைத்தபோது விதையும் நொறுங்கியிருக்கும். ஆரஞ்சைக் குறுக்கே வெட்டிக் கையால் பிழிந்து, வடிகட்டி, ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

இரண்டாவது காரணம் கிராம்பு. அதிலுள்ள யூஜினால் என்னும் எண்ணெய்தான் நாக்கை மரக்கச் செய்கிறது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவுவதும் இதனால்தான். மாறாமலையிலும் அதைச் சுற்றிய மலைத்தோட்டங்களிலும் விளையும் நம் கன்னியாகுமரி கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணமும் காரமும் கூடுதல் என்பதால், வெளியூர்ச் சமையல் குறிப்பில் 20 கிராம்பு என்று இருந்தால் நாம் 12 போட்டால் போதும். ஒரு பிடி என்பது மிக அதிகம்.

மறுமொழி 2: குலசேகரம் தோட்டத்துக்காரர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் அளவைத் தருகிறேன். 40 பேருக்கு ஆளுக்கு 200 மில்லி என்று கணக்கிட்டால் 8 லிட்டர் வேண்டும்.

முதலில் மசாலாப் பாகு. 600 கிராம் சர்க்கரையையும் 600 மில்லி தண்ணீரையும் அடுப்பில் வைத்து, சர்க்கரை கரைந்ததும் 12 கிராம்பு, விரல் நீளத்தில் இரண்டு பட்டைத் துண்டுகள், தட்டிய ஏலக்காய் 12, அன்னாசிப்பூ இரண்டு, ஒரு தேக்கரண்டி அளவுக்கு ஒன்றிரண்டாக உடைத்த நல்லமிளகு, கட்டைவிரல் அளவுக்கு நசுக்கிய சுக்கு ஆகியவற்றைப் போட்டு, மிகக் குறைந்த தீயில் ஐந்து நிமிடம் மட்டும் வைத்து இறக்குங்கள். உடனே இறுக மூடி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். எதையும் தூளாகப் போடாதீர்கள். பட்டைத்தூள் பானத்தைக் கலங்கலாகவும் வழுவழுப்பாகவும் ஆக்கிவிடும். வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும் என்பதால், 22ஆம் தேதியே இந்த வேலையை முடித்துவிடலாம்.

பழத்தில் அன்னாசிக்கே முதலிடம் தருவேன். எங்கள் பக்கத்தில் கைதச்சக்கை என்று சொல்லும் இந்தப் பழத்தை ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே ஊடுபயிராக வைப்பதால், இங்கே புதிதாகவே கிடைக்கிறது. காம்புப் பக்கம் மஞ்சளாகி நல்ல வாசம் வந்த பழமாக ஐந்து வாங்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் சாறு கிடைக்கும். அதனுடன் 4 கிலோ ஆரஞ்சில் பிழிந்த சாறு, பத்து எலுமிச்சை, 2 லிட்டர் கருக்குத் தண்ணீர் (இளநீர்), செய்த பாகு முழுவதும், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், எஞ்சியிருக்கும் சிறு கசப்பை அது அடக்கிவிடும். பலர் சோடா ஊற்றுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. கருக்கின் மெல்லிய இனிப்பு மசாலாவை ஏந்திக்கொள்வதுபோல் சோடா ஏந்துவதில்லை.

நிறம் வேண்டுமானால் கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்து அரை லிட்டர் சேருங்கள். எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அதன் ஊதா நிறம் சிவப்பாக மாறுவது கிறிஸ்துமஸ் மேசைக்கு மிக அழகாக இருக்கும்.

மறுமொழி 3: தக்கலை பெரியம்மா

மக்களே, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். பாத்திரத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே. புளிப்பான சாற்றை அலுமினியத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைத்தால் உலோக ருசி ஏறிவிடும். எவர்சில்வர் அண்டாவிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ கல.

இந்தப் பானத்தைச் சுடச்சுடக் கொடுப்பது பனி பெய்யும் நாட்டு வழக்கம். அங்கே திராட்சை மதுவை மசாலாவோடு சூடாக்கிக் குடிப்பது குளிருக்கு இதமாக இருக்கும். நம் ஊர் டிசம்பர் மாலைக்கு அது தேவையில்லை, குளிரவைத்துக் கொடுப்பதே சரி. ஆனால் குளிர்ந்த பானத்தில் இனிப்பும் மணமும் குறைவாகவே தெரியும் என்பதை நினைவில் வை. அண்டாவில் ருசிபார்க்கும்போது இனிப்புச் சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் தம்ளரில் அளவாக இருக்கும். ஐஸ் கட்டி உருக உருகப் பானம் நீர்த்துப்போகும் என்பதால், அன்னாசிச் சாற்றையே முதல்நாள் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் போடு.

மேலே மிதக்கவிட மாதுளை முத்தும், பொடியாக நறுக்கிய அன்னாசியும் போதும். நம் ஊர் வாழையான மட்டிப்பழத்தின் மேல் நமக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதில் போடாதே, கறுத்துக் குழைந்துவிடும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால் தனிக் கிண்ணத்தில் கொடு. பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்னும் நொதி பாலைத் திரித்துக் கசக்க வைத்துவிடும். அன்னாசியைக் கொதிக்கவைத்தால் அந்த நொதி அழியும் என்பது உண்மைதான், ஆனால் பழத்தின் பச்சை மணமும் அதனோடு போய்விடும்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களை ஒதுக்கி வைத்துவிடாதே. பாகு சேர்க்கும் முன்பே அதே மசாலாவைச் சர்க்கரையில்லாமல் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சையும் உப்பும் கலந்து ஒரு சிறு குடுவையில் அவர்களுக்கென எடுத்து வை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அதைத்தான் விரும்பிக் குடித்தார்.

மார்த்தாண்டத்து மருமகள்

பெரியம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று நான்கு பேருக்கு மட்டும், எல்லா அளவுகளையும் பத்தில் ஒன்றாகக் குறைத்துச் செய்து பார்த்தேன். கசப்பு சிறிதும் இல்லை. கிராம்பின் மணம் முதலிலும் நல்லமிளகின் காரம் கடைசியிலும் மெல்லத் தெரிந்தன. ஆனால் இரவில் மீதி வைத்ததை இன்று காலையில் குடித்தபோது ஆரஞ்சு இலேசாகக் கசக்கத் தொடங்கியிருந்தது. அன்று வருகிறவர்கள் நான்கு மணி முதல் எட்டு மணி வரை ஒவ்வொரு குடும்பமாக வருவார்கள் என்பதால், இதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 1: நாகர்கோவில் சமையலறை

மொத்தமாகக் கலக்காதீர்கள். அன்னாசிச் சாறும் பாகும் கருக்குத் தண்ணீரும் எலுமிச்சையும் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு குடும்பம் வந்து அமரும்போதும் 2 லிட்டர் மட்டும் வெளியே எடுத்து, ஆரஞ்சை அப்போதே பிழிந்து சேருங்கள். வெளியே எடுத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பிழிவதற்கு வீட்டுப் பிள்ளைகளில் இருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் உங்களுக்கும் வந்தவர்களோடு பேச நேரம் கிடைக்கும்.

மார்த்தாண்டத்து மருமகள்

அப்படியே செய்கிறேன். முதல் தம்ளரை மாமியாருக்கே கொடுப்பேன். அவர்களுக்கும் சர்க்கரை நோய் உண்டு என்பதால், பெரியம்மா சொன்ன அந்தச் சிறு குடுவையிலிருந்து.