விழித்திரைப் படம்: 95 விழுக்காடு வருகிறது, மெல்லிய நாளங்கள் மட்டும் வரவில்லை

ஈசூன் பையன்:
வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு. விழித்திரைப் படத்திலிருந்து ரத்த நாளங்களைத் தானாகப் பிரித்தெடுப்பதுதான் புராஜெக்ட். டிரைவ் என்ற பொது விழித்திரைப் படத் தொகுப்பின் 20 பயிற்சிப் படங்களை 256-க்கு 256 பிக்சலாகச் சுருக்கி, படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் நரம்பியல் வலையமைப்பான யூ-நெட்டுக்குக் கொடுத்தேன். சோதனைப் படங்களில் துல்லியம், அதாவது சரியாகக் குறித்த பிக்சல்களின் பங்கு, 95 விழுக்காடு. ஆனால் பெரிய நாளங்கள்தான் சரியாக வருகின்றன, மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) பக்கம் போகும் நூலிழைகள் பாதியிலேயே அறுந்து கிடக்கின்றன. பார்வை நரம்பு வட்டின் விளிம்பையும் நாளம் என்கிறது. வலையமைப்பில் லேயர் (அடுக்கு) கூட்டட்டுமா? வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும்.

செம்பவாங் செல்வி:
லேயரில் கை வைக்காதீர்கள் தம்பி. முதலில் அந்த 95-ஐ விசாரிப்போம்.

டிரைவ் படம் 565-க்கு 584 பிக்சல். கண் தெரியும் வட்டத்துக்கு வெளியே உள்ள கறுப்பு மட்டுமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதையும் சேர்த்து எண்ணினால், ஒரு நாளம்கூடக் கண்டுபிடிக்காமல் படம் முழுவதையும் கறுப்பாக விட்டாலே 90 தாண்டிவிடும்! தொகுப்போடு அந்த வட்டத்தைக் குறிக்கும் மாஸ்க் வருகிறதே, அதற்குள் மட்டும் எண்ணுங்கள். உணர்திறனையும் (உண்மையான நாளப் பிக்சல்களில் எத்தனை பங்கு பிடிபட்டது) டைஸையும் (உங்கள் குறிப்பும் கையால் குறித்ததும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன) பாருங்கள். சோதனைப் படங்களை இரண்டு பேர் கையால் குறித்திருக்கிறார்கள். முதல் ஆளோடு ஒப்பிட்டால் இரண்டாவது ஆளுக்கே 94.7தான்.

நூலிழை அறுவது நீங்கள் சுருக்கியதால். அவற்றின் அகலமே ஒன்றிரண்டு பிக்சல். பாதியாக்கினால் என்ன மிஞ்சும்? மூல அளவிலேயே துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சி கொடுங்கள். துண்டு ரொம்பச் சின்னதாகவும் வேண்டாம், பார்வை நரம்பு வட்டின் வளைவு அதற்குள் தெரிந்தால்தான் அதன் விளிம்பை நாளத்திலிருந்து பிரித்தறிய முடியும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் பச்சை மட்டும் போதும். ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் நாளம் கறுத்துத் தெரியும். சிவப்பில் எல்லாம் வெளுத்துப்போகும்.

ஈசூன் பையன்:
மாஸ்க்குக்குள் எண்ணினேன் அக்கா. துல்லியம் 93. உணர்திறன் வெறும் 61! அப்புறம் ஒரு சந்தேகம்: அம்மாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காகக் கண் படம் எடுக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் உருவான, கண் படத்தை ஆராயும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான செலினா பிளஸும் இப்படி நாளத்தைப் பிரித்துத்தான் பார்க்கிறதா?

தேக்கா வாசி:
இல்லை. அது முழுப் படத்தையும் பார்த்து, மேற்கொண்டு கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று சொல்கிறது. நாளங்களின் அகலத்தை அளப்பது சிவா என்ற மென்பொருள், தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. உங்கள் வேலை அந்தப் பக்கம்தான் சேரும்.

செம்பவாங் செல்வி:
61-ஐ மறைக்காமல் காட்டுங்கள். இன்றிரவே துண்டுகளை வெட்டி ஓட விடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பழைய உணர்திறனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.