தனுஷ்கோடி 1964: என் கதையின் காதலர்கள் கப்பலேறித் தப்ப முடியுமா?

கேள்வி: குறுநாவல் எழுதுகிறேன். பையன் தனுஷ்கோடி ரயில்வே குவார்ட்டர்ஸ். பெண் மீனவக் குடியிருப்பு, வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பம். இரு வீட்டிலும் சம்மதமில்லை. டிசம்பர் 22 இரவு, அமாவாசை இருட்டில் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்கு ஓடிவிடத் திட்டம். அன்றுதான் புயல். எங்காவது இடிக்கிறதா?

பாம்பன்காரன்: நல்லாவே இடிக்குது தம்பி. 19ஆம் தேதிதான் பௌர்ணமி, கிரகணம் வேற. உங்க இருட்டு மேகத்தால வரட்டும். கப்பலை விட்டுடுங்க. பாஸ்போர்ட், விசா, கஸ்டம்ஸ்னு அத்தனை கெடுபிடி. அக்டோபர்லதான் நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும், அங்க இருக்கிற இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல பலரை இங்க திருப்பி அனுப்ப ஒப்பந்தம் போட்டிருக்காங்க, இங்கேருந்து ரெண்டு சின்னஞ்சிறுசுகளை யார் இறங்க விடுவா? ரோட்டுப் பாலம் 1988லதான். அதனால தீவை விட்டு வெளியேற ரயில் ஒண்ணுதான் வழி. ரயில்ல ஏறணும்னா பையனோட அப்பா சிநேகிதர்கிட்டதான் டிக்கெட் வாங்கணும்! தனியா வில்லன் எதுக்கு?

இன்னொண்ணு. அன்னிக்கு ராத்திரி பாம்பன்லேருந்து வந்த பாசஞ்சரைக் கடல் கொண்டுபோச்சு. நூத்துக்கும் மேல ஜனம், ஒருத்தரும் மிஞ்சலை. கதாநாயகன் மட்டும் நீந்திக் கரையேறினான்னு எழுதினா எங்க ஊர்ல புத்தகத்தை மூடி வச்சிடுவாங்க.

ராமேஸ்வரம் பேத்தி: மார்கழியில வாடைக்காத்து. வடக்கே பெண் கடல் (பாக் நீரிணைப் பக்கம்) குமுறும், தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். வலைக்காரங்க அப்போ தென்கரையிலதான் இருப்பாங்க. சந்திப்பை அங்க வைங்க. வடகரையில நிலா வெளிச்சத்துல கைகோத்து நடந்தாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க, எங்க ஆச்சி சிரிச்சிடும்.

கேள்வி கேட்டவர்: கப்பலும் அமாவாசையும் போயாச்சு, நன்றி. ஓடிப்போவதையே எடுத்துவிடுகிறேன். இரண்டு குடும்பமும் பிழைத்துவிட்டால்? எல்லாம் போன பிறகு சாதியும் வேதமும் பார்த்துத் தடுக்க மனசு வருமா?

பாம்பன்காரன்: தடுக்கவே வேணாம். புயல்ல உடைஞ்ச பாம்பன் ரயில் பாலத்தை 46 நாள்ல சரிபண்ணிட்டாங்க. ரயில் ராமேஸ்வரத்தோட நின்னுடுச்சு, தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பப் போடலை. ஊர் வாழத் தகுதியில்லைன்னு சர்க்கார் சொன்னப்புறமும் மீனவங்க போய்க் குடிசை போட்டாங்க, இன்னிக்கும் இருக்காங்க. ரயில்வே குடும்பத்துக்கு அங்க வேலையே இல்லையே. பையனோட அப்பாவுக்கு எந்த ஊருக்கு டிரான்ஸ்பர்னு முதல்ல முடிவு பண்ணுங்க.